பதினெட்டு கிலோ

முதலில் பிரேக் எண்ணெய்.
எஞ்சினைப் பற்றிக் கேட்டேன். ராடிம் சிரித்தான்:
நிற்கத் தெரியாத வண்டிக்கு
ஓடக் கற்றுத்தரக் கூடாது.

அடுக்குமாடிகளுக்குப் பின்னால்
ஒரே அச்சில் வார்த்த அறுபது கான்கிரீட் கொட்டகைகள்,
அதில் நாற்பத்தேழாவது.
மோஸ்ட் நகரத்து மார்ச், நிலக்கரி வாடை.
நான் மிதிக்க, அவன் திருகைத் திறக்க,
ஆறிப்போன தேநீர் நிறத்தில் இறங்கியது
நான்கு வருடத்து ஈரம்.
"மிதி. பிடி. விடாதே. இப்போது விடு."
நுரையீரலைக் கேட்கும்போது
நான் சொல்லும் அதே குரல்.

பன்னிரண்டு வயது ஃபாபியா. என் சோற்று வண்டி.
காலை ஆறரைக்கு முதல் இன்சுலின்,
மதியத்துக்குள் பதினோரு வீடு.
டிக்கியில் கட்டுத்துணி, கையுறைப் பெட்டி,
பெரியவர்களுக்கான அணையாடை,
எடை பார்க்கும் தராசு.
பந்தயத்தடத்தில் ஓட்டப்போகிறேன் என்றதும்
முன்னாள் கணவன் ஒன்றே ஒன்று கேட்டான்:
"எந்த வண்டியை?"

புதிய பிரேக் கட்டைகள் சூடேறும்வரை கடிப்பதில்லை,
கத்துகின்றன.
ஹ்லவாச்சின் நாய் மூன்றாம் மாடியிலிருந்து
எதிர்ப்பாட்டு பாடுகிறது.
இப்போதெல்லாம் நான் அழைப்பு மணியைத் தொடுவதில்லை,
போய்ச் சேருமுன் கதவுகள் திறந்திருக்கின்றன.
சுருள்வில் மாற்றியபின்
நகராட்சியின் ஒவ்வொரு குழியும்
என் தண்டுவடத்தில் கையெழுத்திடுகிறது.
ரத்தக் குப்பிகளைப் பஞ்சில் பொதிந்து
பிள்ளைத்தாய்ச்சியைப்போல் ஓட்டுகிறேன்,
திங்கள் முதல் வெள்ளி வரை.

அடுத்தது எடை.
"நூறு கிலோ இறக்கினால் சுற்றுக்கு ஒரு நொடி,
முன்னே பின்னே இருக்கும்."
தராசை நான்தான் எடுத்துவந்தேன்.
உதிரிச் சக்கரம், பதினான்கு.
பின் இருக்கை, பதினெட்டு.
தரை விரிப்பும் அதன் கீழ்ப் பஞ்சும், ஒன்பது.
சுண்ணக்கட்டியால் சுவரில் எழுதிக்கொண்டே போனான்,
கடன்காரன் பட்டியல்போல.
நான் எழுதச் சொல்லாதது:
திருமதி த்ராஹொமீரா, அக்டோபரிலிருந்து பதினொன்று.
அதே தராசு. அதே முள்.
அதை நொடியாக மாற்றும் கணக்கு
ராடிமிடம் இருக்காது.
நான் கேட்கவும் இல்லை.

சனிக்கிழமை,
பழைய சுரங்க மண்ணின்மேல் போட்ட தடம்.
தலைக்கவசத்துக்குள் என் மூச்சு மட்டும்.
எல்லோரும் என்னைத் தாண்டினார்கள்.
ஒரு ரொட்டிக்கடை வேன்கூடத் தாண்டியது,
அதை ஓட்டியவர் கையசைத்தார், கடங்காரர்.
ஆறாவது சுற்றில்
நூறு மீட்டர்ப் பலகைக்குப் பிறகும்
காலை எடுக்காமல் இருந்தேன்.
பிறகு மிதித்தேன்.
பெடல் கல்லாக நின்றது.
வண்டியின் மூக்கு தாழ்ந்து, வால் லேசாகி,
யாரோ கையைப் பிடித்துத் திருப்பியதுபோல்
வளைவுக்குள் போனோம்.
நான் கத்தியிருக்கிறேன். தொண்டை ஞாயிறுவரை வலித்தது.

வண்டி நிறுத்துமிடத்தில், விலையுயர்ந்த காரிலிருந்து இறங்கிய
பல்மருத்துவர் ஒருவர் எட்டிப்பார்த்தார்.
"உள்ளே என்ன போட்டிருக்கிறீர்கள்?"
"ஒன்றுமில்லை" என்றேன்.
உண்மையைத்தான் சொன்னேன்.

திங்கள்.
த்ராஹொமீரா ஜன்னலோரம் காத்திருந்தாள், மேல்கோட்டு அணிந்து.
மருந்து பிறகு, என்றாள். ஒரு சுற்று.
விதிப்படி கூடாது.
மருத்துவமனைச் சாலை, தபால் நிலையம்,
மூடிய திரையரங்கு, ரவுண்டானா;
ரவுண்டானாவில் மட்டும் மூன்று முறை.
ஹ்லவாச் வீட்டுக்கு முன்னால் பிரேக் போடச் சொன்னாள்.
நாய் பாடியது.
"இன்னொரு தடவை."

ராடிம் தினமும் கேட்கிறான்:
பின் இருக்கையை மாட்டிவிடலாமா, இடத்தை அடைக்கிறது.
இருக்கட்டும், என்கிறேன்.
அந்த இடத்தில் அவளுடைய மடக்கு சக்கரநாற்காலி
அளவெடுத்ததுபோல் பொருந்துகிறது.
நேற்று நிறுத்துப் பார்த்தேன்.
பதினெட்டு.
அவனிடம் இன்னும் சொல்லவில்லை.